ஏரிக்கரை மைதானத்தில் இடமில்லை

"இந்த வருஷம் இடமே கிடைக்கலடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் இங்வே தொலைபேசியில்.

"செவ்வாய்க்கிழமை கூடவா?"

"எல்லா நாளும் நிரம்பிடுச்சு." சட்டென்று வைத்துவிட்டார்.

டோர்கெலுக்கு முகம் சுண்டிப்போனது.

மே மாதம் வந்தால் ஒரு செவ்வாய்க்கிழமை இங்வே, ஸ்டூரே, டோர்கெல் மூவரும் ஏரிக்கரை கோல்ஃப் மைதானத்துக்குப் போவது முப்பது வருஷ வழக்கம். போன மே மாதம் டோர்கெலுக்கு வந்த பக்கவாதத்தில் போயிற்று. இந்தக் குளிர்காலம் முழுக்க மனுஷனுக்கு அதே நினைப்பு. மைதானத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த ஓக் மரத்துக்கு இந்தப் பக்கம் அடிப்பது, எந்தக் குளத்துக்கு முன்னால் பந்தை நிறுத்துவது என்று சாப்பாட்டு மேஜையிலேயே பாதி ஆட்டத்தை ஆடி முடித்திருந்தார். ஆடலாம் என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார்.

"இடமில்லையாமா?" மனைவி சிக்னே பொரிந்து தள்ளினாள். "நீ காலை இழுத்து இழுத்து நடக்கிறே, அதான் விஷயம். பின்னாடி ஆடுறவங்க முணுமுணுப்பாங்க. மைதானக் கண்காணிப்பாளர் வந்து 'சீக்கிரம், சீக்கிரம்'னு விரட்டுவார். துரைமாருக்கு அது கௌரவக் குறைச்சல்!"

"அப்படி இருக்காது, சிக்னே."

"வேற எப்படி? முடியாதவனைக் கழட்டி விடுறவங்க எல்லாம் சிநேகிதக்காரங்களா? நம்ம வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருப்பாங்க! இனிமே வாசப்படி ஏறக்கூடாதுன்னு கூப்பிட்டுச் சொல்லு."

"விடு. முப்பது வருஷப் பழக்கம்."

"உன் இடத்துல நான் இருந்தா விடமாட்டேன்."

சிக்னேயும் கோல்ஃப் ஆடுகிறவள்தான். மைதானத்தில் அவள் வேகத்துக்கு இளவட்டங்களே ஈடுகொடுக்க முடியாது.

"நானே உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன்," என்றாள். "ஆனா அந்தச் செவ்வாய்க்கிழமை வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேனே. பாவம், அவளும் தனியா இருக்கா."

இவளாவது நம் பக்கம் இருக்கிறாளே என்று டோர்கெலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவுக்கு ஏலக்காய் பன் சுட வேண்டும் என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

டோர்கெல் கைப்பேசியை எடுத்தார். ஸ்வீடனில் கோல்ஃப் ஆடுகிற யாரும் ஒளிந்துகொண்டு ஆட முடியாது. எந்த மைதானத்தில், எந்த நேரத்துக்கு, யார் யார் இடம் பிடித்திருக்கிறார்கள் என்று செயலியில் பெயரோடு போட்டுவிடுவார்கள். கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அவர் அதைத் திறந்ததே இல்லை. அவருக்கும் சேர்த்து சிக்னேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டுத் தடுமாறித் திறந்தார். ஏரிக்கரை மைதானம். செவ்வாய்க்கிழமை. பாதி நேரங்கள் காலியாகக் கிடந்தன.

அப்படியானால் இங்வே சொன்னது பொய்.

"என்ன பண்றே அங்க?" அடுப்படியிலிருந்து குரல்.

"செவ்வாய்க்கிழமை யார் யார் ஆடுறாங்கன்னு பாக்கறேன்."

ஏதோ தட்டு கீழே விழுந்தது. மாவுக் கையோடு சிக்னே ஓடி வந்தாள்.

"அதை ஏன் இப்ப பாக்கறே? மனசுதான் வலிக்கும். இப்படிக் குடு!"

"இரு. எனக்குப் பதிலா யாரைச் சேத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கறேன். நல்லா நடக்கிற ஆளா இருந்தா, அவங்க மேலயும் தப்பில்லை."

விரலால் திரையை மெல்லத் தள்ளினார். காலை ஒன்பது மணி. இங்வே. ஸ்டூரே. அதற்குக் கீழே இன்னொரு பெயர்.

டோர்கெல் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினார்.

"நல்லா நடக்கிற ஆள்தான், சிக்னே. உன் பேருதான் போட்டிருக்கு."