ஒட்டுகிறவர் பார்க்காத முகம்

"மாமா, இவங்க முகத்து மேல மட்டும் ஒட்டாம விடுறீங்களா?" என்று கேட்டாள் ஏழு வயது நெரினா.

ரோம் தெருச்சுவரில் பழைய சினிமா போஸ்டர்மேல் புதியதை ஒட்ட வந்த ஒத்தாவியோ சிரித்தார். "நடிகை மேல அவ்வளவு பைத்தியமா, வாண்டு?"

"இது எங்கம்மா. இந்த போஸ்டர் வரைஞ்சது எங்கப்பா. நடிகை போட்டோ கிடைக்கலன்னு அம்மாவைப் பார்த்து வரைஞ்சாரு. இப்ப அம்மா செத்துட்டாங்க. வேற படமே இல்ல."

"அப்பாவை இன்னொண்ணு வரையச் சொல்லு."

"பிரஷ்ஷத் தொட்டாலே அழறாரு."

"வேலைன்னா வேலைதான். சாப்பிடப் போ!"

அவள் அழுதுகொண்டே எதிர்வீட்டுக்குள் போனாள்.

ஒட்டுகிறவர் காகிதத்தின் ஓரத்தைத்தான் பார்ப்பார். அன்றுதான் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். போர்க்காலப் பட்டினியில், அந்த எதிர்வீட்டு ஜன்னல் வழியே தன் ரொட்டியில் பாதியை அவருக்கு நீட்டியவள்!

தெரு மதியத் தூக்கத்தில் கிடந்தது. அந்த முகத்தை ஈரத்துணியால் நனைத்து, கிழியாமல் உரித்து, அதே ஜன்னல் விளிம்பில் விரித்துவிட்டு, ஒத்தாவியோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.