படத்தின் இடது ஓரம்

கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள கடைகளை அகற்றிவிட்டு அங்கே வரப்போகும் பூங்காவின் படம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட படங்களில், மண்டபத்தின் உயரம் விளங்குவதற்காக, எங்கிருந்தோ எடுத்த மனித உருவங்களை ஒட்டுவது வழக்கம். இளம்பரிதி ஒருத்தியைத்தான் ஒட்டியிருந்தான். போன ஆடியில் இறந்துபோன அவன் மனைவி சுகிர்தா, மஞ்சள் சேலையில், இன்னும் போடப்படாத கல்தளத்தின் மேல் இடப்பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அந்த அறையில் வேறு யாருக்கும் அவளைத் தெரியாது.

“எல்லாம் ஜோரா இருக்கு தம்பி,” என்றார் நகராட்சி ஆணையர். “அந்தப் பொம்பளதான் தூணை மறைக்குது. கொஞ்சம் தள்ளுங்க.”

விளக்குக் கம்பம் வரை நகர்த்தினான்.

“இன்னும்.”

புங்கமரத்தடிக்குக் கொண்டுபோனான். இங்கே அவளுக்கு வெயில் படாது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

“அட, மரமும் தெரியணுமில்ல? ஓரமா போகச் சொல்லுங்க அந்தம்மாவ!”

அறையில் சிரிப்பு எழுந்தது. அவன் நகர்த்த நகர்த்த முதலில் முகம் வெளியே போயிற்று, பிறகு தோள். கடைசியில் பின்னால் வீசிய ஒரு கை மட்டும், வளையலோடு, புல்வெளிக்கு மேலே நின்றது.

“பேய்ப் படம் மாதிரி கை மட்டும் தொங்குது பாருங்க. அதையும் தள்ளிட்டீங்கன்னா கையெழுத்துப் போட்டுடறேன்.”

இளம்பரிதியின் விரல் மௌஸின் மேல் இருந்தது. அந்த ஓரத்துக்கு அப்பால் தளம் இல்லை, மரம் இல்லை, ஒரு விளக்குகூட இல்லை. வரைந்தவன் அவன்தான். அங்கே அவன் எதையுமே வரைந்திருக்கவில்லை.