அந்தக் காணியில் என்ன விளைகிறது?

“மிஸ், ஜெயபுரத்தில ஒரு காணி. அதில இப்ப என்ன விளையுது எண்டு எப்பிடித் தேடுறது?”

நூலகர் நேசமலர் நிமிர்ந்து பார்த்தார். கிளிநொச்சி விவசாய பீடத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, ஆய்வுக்குத் தகவல் தேடும் முறைகளை அப்போதுதான் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள். மொசாம்பிக்கிலிருந்து வந்த டொமிங்கோஸ் மட்டும் நின்றான்.

“தமிழ் நல்லா வந்திட்டுதே உமக்கு!”

“கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் எங்கட ஊர்ப் போர்த்துக்கேயச் சொல்லுத்தானே மிஸ். மிச்சம் ஹொஸ்டல் பெடியள் தந்தது.”

“சரி. அந்தக் காணியைப் பாக்க பஸ் ஏறினாப் போதுமே. நூலகம் என்னத்துக்கு?”

“எந்தக் காணியெண்டு தெரியாது மிஸ். பக்கத்தில சின்னக் குளம் ஒண்டு. ரெண்டாயிரத்துப் பதினொண்டில துப்புரவாக்கினது. அவ்வளவுதான் தெரியும்.”

நேசமலருக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. கதிரையை இழுத்துக் கணினி முன் அமர்ந்தார்.

“குளமும் வருசமும் தெரியுதெண்டால் பாதி வேலை முடிஞ்சுது. முதல்ல குளங்களைக் குறிப்பம். பிறகு அந்த வருசத்துக்கு முந்தின செய்மதிப் படத்தையும் பிந்தினதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாரும்.”

முதல் குளத்தைச் சுற்றி எப்போதும் வயல்தான். அடுத்ததைச் சுற்றி இன்றும் காடு. மூன்றாவது குளத்தின் கரையில், பழைய படத்தில் பற்றைக்காடாக இருந்த இடம் புதிய படத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

“இதுதான்!” டொமிங்கோஸின் குரல் உயர்ந்தது. “பச்சை... ஆனா நெல்லோ, புல்லோ?”

“படம் சொல்லாததை ஆளிட்டக் கேக்கவேணும். அதுவும் தேடல்தான்.”

அந்தப் பகுதி விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் இருந்த பிரசாந்தனுக்கு ஃபோன் போட்டு, இடத்தை விளக்கி, ஸ்பீக்கரில் விட்டார்.

“அந்த இடமோ அக்கா? நெல்லுத்தான். போன காலபோகம் திறமான விளைச்சல். சனம் வீடும் கட்டி இருக்குது. பிள்ளையள் அந்த வரம்பாலதான் பள்ளிக்கூடம் போறவை.”

டொமிங்கோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

நேசமலர் பதறிப்போனார். “என்ன தம்பி? உம்மட ஆய்வுக்கு இது போதாதோ?”

“ஆய்வுக்கில்லை மிஸ், அம்மாவுக்கு. ஒவ்வொரு முறை கதைக்கேக்கையும் கேக்கிறவா, அப்பா கண்ணிவெடி எடுக்க வந்து செத்த நிலத்தில இப்ப ஏதாவது முளைக்குதோ எண்டு.”