மாப்பிள்ளை கொண்டுவந்த லேப்டாப்

“ஜாதகத்த அப்புறம் பாத்துக்கலாம். லேப்டாப் எடுத்தாந்தீங்களா தம்பி?”

பெரியதம்பி இப்படிக் கேட்டதும், கோவிந்தம்மாள் பஜ்ஜியைக் கடிக்காமல் மகன் திருமுருகனைத் திரும்பிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் லேப்டாப் கேட்கிற மனிதரை அவள் ஜென்மத்தில் கண்டதில்லை.

திருமுருகனுக்கு ஆச்சரியமில்லை. பெரியதம்பி திண்டிவனத்தில் இருபது வருஷமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். வீட்டுக்குக் கீழேதான் கடை. ஆளை எடைபோட அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, பேட்டரியைத்தான் பார்ப்பார். விழுப்புரத்திலிருந்து வந்த என்ஜினீயர் வரன் ஒன்றரை வருஷத்தில் பேட்டரியைக் கெடுத்து வைத்திருந்தானாம். “வாங்கின பொருளக் காப்பாத்தத் தெரியாதவன் எம் பொண்ண எப்படிக் காப்பாத்துவான்?” என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களுக்கும் அதே கதிதான்.

திருமுருகன் மயிலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளன். பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று கரும்பலகை நிறைய எழுதுவான். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அவன் லேப்டாப் எந்நேரமும் தலையணை மேல் சார்ஜில் கிடக்கும். வயரைப் பிடுங்கினால் பத்தே நிமிடத்தில் மூச்சை விட்டுவிடும்.

போன வருஷம் கீபோர்டு மாற்ற வந்தபோதுதான், கடையில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்த பெரியதம்பியின் மகள் பானுப்ரியாவைப் பார்த்தான். கீபோர்டு ஒரே நாளில் சரியாகிவிட்டது. அவன்தான் சரியாகவில்லை. அவள் அப்பா மெட்ராசுக்குச் சாமான் வாங்கப் போகும் செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் பேசிப் பேசிப் பழகினார்கள். கடைசியில் தரகர் மூலம் ஜாதகத்தை அனுப்பும் யோசனையைச் சொன்னவளும் அவள்தான்.

போன செவ்வாய்க்கிழமை அவனுடைய செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியவளும் அவள்தான். “புதுசு போட்டா பேட்டரி ஆயுசு நூறு பர்சென்ட் காட்டும், அப்பாவுக்கு டவுட் வந்துடும். கொஞ்சம் பழகினதா போடறேன். மத்தத நான் சொல்ற மாதிரி ஒப்பிச்சிடுங்க” என்றாள். ஐந்து நாளாக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான். மாட்டிக்கொண்டால் பானு கிடைக்கமாட்டாள்.

பெரியதம்பி லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டினார்.

“வாங்கி எத்தினி வருஷம் ஆவுது?”

“நாலு வருஷங்க.”

“நாலு வருஷத்துக்கு அப்புறமும் ஆயுசு தொண்ணூத்திரெண்டு பர்சென்ட் நிக்குது! எப்படித் தம்பி காப்பாத்தினீங்க?”

“இருபதுக்குக் கீழ எறங்க விடமாட்டேங்க. எண்பது வந்தா வயரப் புடுங்கிடுவேன்.”

“வெயில்ல?”

“வெக்கமாட்டேங்க. சூடுதான் பேட்டரிக்கு எமன்.”

“மெத்த மேல?”

“ஐயோ, காத்து போற வழி அடச்சிக்குமே!”

“ஏண்டா,” என்றாள் கோவிந்தம்மாள், “நேத்துகூட தலகாணி மேல வெச்சிக்கினு படம் பாத்துக்கினு இருந்தியே?”

“அது... தலகாணி மேல பலகை இருந்துச்சும்மா” என்று சமாளித்தான் திருமுருகன். பெரியதம்பி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“சரி, ஒரு மாசம் லேப்டாப்ப தொடப்போறதில்லன்னு வெச்சிக்கோங்க. எவ்ளோ சார்ஜில வெச்சிட்டுப் போவீங்க?”

இதையும் பானு சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் அம்மா அடித்த அடியில் அது மறந்துபோயிருந்தது. நூறா? பூஜ்யமா?

அந்த நேரம் பார்த்துத்தான் பானுப்ரியா தலைகுனிந்தபடி காபித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் நுரை ததும்பும் டம்ளர். அவனுக்கு நீட்டியதில் மட்டும் காபி சரியாகப் பாதி இருந்தது.

“பாதிங்க!” என்று கத்தியே விட்டான். “பாதி சார்ஜில வெச்சிட்டுப் போவணும்!”

“ஏண்டி, வந்தவருக்கு அரை டம்ளர் காபிதானா?” என்று அவளுடைய அம்மா தையல்நாயகி கடிந்துகொண்டாள்.

“விடு தையலு, அதுல ஒண்ணும் கொறையில்ல” என்ற பெரியதம்பி லேப்டாப்பை மூடினார். “எனக்குப் புடிச்சிருக்கு. சொல்லிக் குடுத்தத மறக்காம மனசுல வெச்சிக்கிற பையன். அது போதும். நீ என்னம்மா சொல்ற?”

“உங்க இஷ்டம்ப்பா” என்றாள் பானுப்ரியா. “நான் இவர இப்பதான மொத மொத பாக்கறேன்.”

அந்த நடிப்பைப் பார்த்து திருமுருகனே அசந்துபோனான். வாத்தியார் என்பதால் தன் ஞாபகசக்தியை மெச்சுகிறார் போல என்று நினைத்து, சந்தோஷத்தில் அரை டம்ளர் காபியை ஒரே மடக்கில் குடித்தான். தாம்பூலம் மாற்றி, சித்திரையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

கிளம்பும்போது பெரியதம்பி, “ஒரு நிமிஷம் இருங்க” என்று கடையைத் திறந்து உள்ளே போனார். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து அவன் கையில் வைத்தார். இனிப்பாக இருக்கும் என்று வாங்கியவனுக்குக் கை கனத்தது. மேலே பானுப்ரியாவின் குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தது: ‘திருமுருகன், மயிலம்.’

“கடையில எத மாத்தினாலும், பழச பேரெழுதி கஸ்டமர்கிட்டயே குடுத்துடறது நம்ம பழக்கம், மாப்ள” என்றார் பெரியதம்பி. “உங்க பேட்டரி செவ்வாக்கெழமையிலேர்ந்து ரேக்குலயே கெடக்குது.”