இழுத்துச் சொன்ன ஓகே

தவசிக்கு எல்லாவற்றுக்கும் ஓகேதான். சாப்பாடு பிடித்தால் ஒரு ஓகே, கோபம் வந்தால் அழுத்தி ஒரு ஓகே, கொஞ்சும்போது சிரித்துக்கொண்டே ஒரு ஓகே. கல்யாணமான சில மாதங்களிலேயே சொர்ணத்துக்கு அத்தனையும் அத்துப்படி.

அன்று மதியம் அவளுக்கு மனசே சரியில்லை. பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்த அவனுடைய செல்லுக்குப் பேசினாள்.

"பயமா இருக்குங்க. மருந்து கலக்குற வேலையே வேண்டாம். இப்பமே வெளிய வந்துருங்க."

"ஓ...கே" என்று இழுவையாகப் பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் தவசி வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தான்.

"வெளிய யாரோ கூப்பிட்டாக. கேட்டுக்கு வந்தேன், பின்னால எங்க ஷெட்டு வெடிச்சிருச்சு."

"நான்தான போன்ல கூப்பிட்டேன்."

"உள்ள செல்லு கொண்டுபோக விடுவாகளா? காலையிலயே அணைச்சு வாட்ச்மேன்கிட்ட கொடுத்தாச்சு. இந்தா, இன்னும் ஆன் பண்ணல."

"பொய் சொல்லாதீக. இன்னைக்குப் புதுசா இழுத்து ஓ...கேன்னீகளே."

தவசி மெல்லத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே அதே ஷெட்டில் கருகிப்போன அவன் அண்ணனின் படம், சுவரில் மாலையோடு தொங்கியது.

"எனக்கு ஓகே சொல்லப் பழக்குனதே அண்ணன்தான் சொர்ணம். அவன் மட்டுந்தான் அப்படி இழுப்பான்."