இலவச எடிட்டிங்

வங்கியில் அவர் குமாஸ்தா. நண்பர்களிடம் தானே சொல்லி வைத்த பெயர் ‘டைரக்டர்’. செல்போனில் முதல் குறும்படத்தை எடுத்து முடித்தாகிவிட்டது. கைக்காசு செலவில்லாமல் எடிட்டிங் செய்ய நல்ல மென்பொருள் வேண்டும் என்று அலுவலக நண்பனை வீட்டுக்கு வரவழைத்திருந்தார்.

“இது முழுக்க இலவசம். படத்து மேல எந்த எழுத்தும் வராது,” என்றான் நண்பன்.

“இவ்வளவு பெரிய சாஃப்ட்வேரை என் கம்ப்யூட்டர் தாங்காதுப்பா. வேற காட்டு.”

“இதுல கம்பெனி பேர் மூலையில பொடி எழுத்துல வரும்.”

“என் கலைக்கு மேல எவனோ விளம்பரம் ஒட்டுவானா? தள்ளு!”

“அப்ப இதை நினைச்சே பார்க்காத. நட்டநடுவுல, ஹீரோ மூஞ்சி மேலயே கொட்டை எழுத்துல வரும்.”

டைரக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அதை எடுக்கவே முடியாதா?”

“காசு கட்டினாத்தான் போகும்.”

“இதையே போடு.”

நண்பன் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது டீயோடு வந்தார் டைரக்டரின் மனைவி.

“எங்க அண்ணன் ஹீரோவா எப்படி வந்திருக்காரு?”

“மச்சான் பின்னிட்டாரு! ஆனா பாரு, நம்ம வசதிக்குக் கிடைச்சது இதான். அவர் மூஞ்சி மேல எழுத்து வந்து தொலையுது. காசு கட்டினாத்தான் போகுமாம், நான் என்ன பண்றது?”

திரையில் மச்சான் அழுகைக் காட்சியில் சிரித்துக்கொண்டிருந்தார். நண்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மனைவி உள்ளே போய்ப் போனில் பேசிவிட்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“கவலைய விடுங்க. அண்ணனே காசு கட்டிடறாராம், ஆயுசுக்கும் சேர்த்து. அடுத்த படத்துக்கு எப்ப வரணும்னு கேக்கறாரு.”