நினைவு தப்பிய நேரம்

“வலி மொதல்ல எங்க வந்துச்சு, அண்ணாச்சி?” என்று ஸ்ரீவித்யா கேட்டாள்.

வல்லிநாயகம் திறந்து கிடந்த உள்ளறைப் பக்கம் திரும்பினார். “ஏட்டி, மொதல்ல எங்கன வலிச்சுதுன்னு கேக்காவ.”

உள்ளே யாரும் இல்லை. சுருட்டி வைத்த ஒரு பாய். கொடியில் ஒரு சேலை.

சற்று நேரம் காது கொடுத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார். “வயித்துலயாம்.”

ஸ்ரீவித்யாவின் பேனா தாளைத் தொடாமல் நின்றது.

அவர் மனைவி தங்கபுஷ்பம் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஸ்ரீவித்யா தென்காசியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்து, செல்போனை ஜன்னலில் சாத்தி வைத்து, எபிடெமியாலஜி முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். நோய் எங்கே தொடங்குகிறது, யாரை எதனால் கொண்டுபோகிறது என்று தேடுகிற படிப்பு. டாக்டர் யாரும் பார்க்காமல் வீட்டிலேயே இறந்த ஒருவரைப் பற்றி, கூட இருந்தவரிடம் கேள்வி கேட்டுக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பருவத்துக்கு அதுதான் அவளுக்குத் தந்த வேலை.

வல்லிநாயகம் உடனே சம்மதித்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அவ எதுல போனான்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் போகணும், தாயி.”

ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவருக்குப் பழக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. இவள் வந்தபோதுகூட, ரம்புட்டானுக்கு விலை பேசிய கேரளாக்காரர்களிடம் மலையாளத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பித்துப் பிடித்தவர் என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டார் அழுதால் கேள்வியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அவரே யோசித்துத்தான் சொல்கிறார், சொல்லும் விதம்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டாள். எழுதத் தொடங்கினாள்.

காலையில் எழுந்ததும் தங்கபுஷ்பத்துக்கு வயிற்றைப் புரட்டியது. முந்தின நாள் தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு கண்ணிமை தானாக மூடிக்கொண்டது.

“தூக்கமா?” என்றாள்.

அவர் உள்ளே கேட்டார். “தூக்கம் இல்லையாம். தூக்குனாலும் எமை மேல வரலையாம்.”

அப்புறம் நாக்கு தடித்தது. பேச்சு குழறியது. கை எழவில்லை. ஆட்டோ பிடிக்க இவர் ரோட்டுக்கு ஓடினார். சீசன் கூட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஸ்ரீவித்யா எழுதியதை மேலிருந்து மறுபடி படித்தாள்.

“ராத்திரி கீழதான் படுத்திருந்தாவளா? எதுவும் கடிச்ச மாதிரி?”

“மழைக்கு ஜில்லுன்னு இருக்குன்னு பாயிலதான் படுப்பா.” உள்ளே திரும்பிக் காத்திருந்தார். “கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையாம்.”

கட்டுவிரியன்.

தூங்கும் ஆளை அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, தடமும் தெரியாது. விடிந்ததும் வயிற்றுவலி. அப்புறம் இமை, நாக்கு, கைகால், மூச்சு. பாடத்தில் படித்த அதே வரிசையில் வந்து நின்றது. அந்த வரிசையை இந்த மனிதர் எங்கும் படித்திருக்க முடியாது.

ஒரு கேள்விதான் மிச்சம். கேட்காமல் எழுந்துவிடலாமா என்று தோன்றியது. கேட்டாள்.

“அவங்களுக்கு நினைவு எப்ப தப்புச்சு?”

இந்த முறை அவர் வெகுநேரம் உள்ளறையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டின் மேல் சாரல் விழுந்தது. கடைப் பக்கம் ஒரு வேன் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

“சங்கு ஊதுனது கேட்டுச்சாம்” என்றார்.

ஸ்ரீவித்யா எழுதவில்லை.

“எடுக்கதுக்கு முன்னால குளிப்பாட்டுத நீர்மாலைக்கு அருவித் தண்ணிதான் எடுத்தாந்தோம். அவளுக்கு அருவின்னா உசிரு. அதை ஊத்திக் குளிப்பாட்டும்போது ரொம்பக் குளிர்ந்துச்சாம்.” அவர் குரல் இறங்கியது. “தெனமும் இதையேதான் சொல்லுதா. ஏன் தாயி அப்படிச் சொல்லுதா?”

வகுப்பில் ஒரு பெண்ணைக் காட்டியிருந்தார்கள். கட்டுவிரியன் கடித்தவள். விழி அசையவில்லை, விரல் அசையவில்லை, மூச்சு மெஷினில் ஓடியது. இனி இல்லை என்று டாக்டர்களே கைவிட்டிருந்தார்கள். சில நாள் கழித்துக் கண் விழித்தவள், தன் தலைமாட்டில் நின்று யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாளாம். அந்த விஷம் உடம்பைத்தான் கட்டும். அறிவு உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும்.

அன்று அதை ஒரு வரியாகக் குறித்துக்கொண்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

“சொல்லு தாயி. எதுல போனா?”

தாளில் உண்மையை எழுதினாள். அவர் பார்க்காதபடி மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

“மாரடைப்பு, அண்ணாச்சி. வயித்துவலி மாதிரிதான் ஆரம்பிக்கும். சட்டுன்னு முடிஞ்சிருக்கும். கடைசியில அவங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நீங்களும் இனிமே தரையில படுக்காதிய, கட்டில் போட்டுக்கோங்க.”

வல்லிநாயகத்தின் தோள் தளர்ந்தது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்தது.

“கேட்டியாட்டி?” என்றார் உள்ளறையைப் பார்த்து. “ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதாம்.”

காத்திருந்தார்.

ஸ்ரீவித்யாவும் காத்திருந்தாள்.

அவர் மெல்லத் திரும்பினார். அந்தச் சிரிப்பு போயிருந்தது.

“இல்லையாம், தாயி.”